அமுல் சிறுமி

குஜராத்தின் ஆனந்த் நகரில் வேரூன்றிய பால் கூட்டுறவின் அமுல் வெண்ணெய்க்கான விளம்பரப் பாத்திரம். நீல முடியும் புள்ளிக் கவுனும் இவளது அடையாளங்கள். 1966-இல் இவளை விளம்பர வல்லுநர் சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் உருவாக்கினர். பம்பாய்ச் சாலையோரப் பலகைகளில் அன்றாடச் செய்திகளைச் சிலேடையாகச் சொல்லிப் பெயர் பெற்றாள். ஒவ்வொரு விளம்பரத்தையும் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற வேண்டியதில்லை என்று கூட்டுறவை வழிநடத்திய வர்கீஸ் குரியன் தந்த சுதந்திரமே இவ்விளம்பரத் தொடரின் உயிர்நாடி.

சமூக ஊடகங்கள் வந்தபோது, சூடான செய்தியோடு வணிகப் பெயரை இணைக்கப் பிற நிறுவனங்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அமுலுக்கோ அது பல பத்தாண்டுப் பழக்கம். கையால் தீட்டிய பலகை தெருவுக்கு வர நாளாகும். ஆனால் இன்ஸ்டாகிராமிலும் எக்ஸ் தளத்திலும், கிரிக்கெட் வெற்றியோ, புதுப்படமோ, மறைந்த கலைஞருக்கு அஞ்சலியோ எதுவானாலும், பேச்சு ஆறுமுன் விளம்பரம் வந்துவிடுகிறது. விலையோ தள்ளுபடியோ பேசாமல், மக்கள் பேசுவதையே பேசுவதால் வாடிக்கையாளர்களே இவ்விளம்பரங்களை விரும்பிப் பகிர்கிறார்கள். விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி அரிது.

சில்வெஸ்டர் 2023 ஜூனில் காலமானார். அவருடைய மகன் ராகுல் டகுன்ஹா 1990-களிலேயே இவ்விளம்பரத் தொடரின் பொறுப்பை ஏற்றிருந்தார்.