நடுவர் இடையில் ஒரு குறுவாள்



யப்பான் நாட்டு மற்போராகிய சுமோவைப் பற்றி இன்று சிறிது நேரம் பேச விழைகின்றேன். பருத்த உடலினர் இருவர் அரைக்கச்சையுடன் நின்று ஒருவரையொருவர் முட்டித் தள்ளுகின்ற விளையாட்டு என்ற அளவிலே நம்மிற் பலர் அதனை அறிவர். மல்லருக்கிடையே நின்று வெற்றி இன்னாருக்கென்று சொல்லும் நடுவரைப் பற்றியும், அச்சொல்லை ஏற்க மறுத்து வழக்காடிய மக்களைப் பற்றியுமே நான் பேச எண்ணியுள்ளேன்.

சுமோ நடுவருக்குக் கியோஜி என்று பெயர். பழங்கால வீரர் உடுத்தது போன்ற பட்டாடை, தலையிற் கரிய தொப்பி, கையில் அக்காலப் படைத்தலைவர் ஏந்திய விசிறி ஆகியவற்றோடு அவர் களத்தில் ஏறுவார். அவர்களுள் முதல் இரு நிலையிலுள்ளவர்கள் வழிவழியாக வரும் இரண்டு பெயர்களைத் தாங்குவர். கிமுரா ஷோனோசுக்கே என்பது ஒன்று, ஷிகிமோரி இனோசுக்கே என்பது மற்றொன்று. இவ்விருவர் இடையிலும் ஒரு குறுவாள் செருகப்பட்டிருக்கும். தீர்ப்புப் பிழைத்தால் என் வயிற்றைக் கிழித்து உயிர்விடவும் ஆயத்தமாக நிற்கின்றேன் என்பதற்கு அது அடையாளம். இக்காலத்தில் எவரும் அங்ஙனம் உயிர்விடுவதில்லை. ஆயினும் இந்நிலையிலுள்ள கியோஜியின் தீர்ப்பு மாற்றப்படுமாயின், அவர் சங்கத் தலைவர் முன் சென்று, பதவியை விட்டு நீங்கட்டுமா என்று கேட்பது மரபு. நீங்க வேண்டாம் என்பதே பெரும்பாலும் மறுமொழி.

விதி கேட்பதற்கு மிக எளியது. நான்கரை மீற்றர் அளவு குறுக்களவுள்ள ஒரு வட்டம். அதற்கு வெளியே முதலில் எவன் உடல் படுகின்றதோ, உள்ளேயாயினும் உள்ளங்கால் தவிர்ந்த உறுப்பு எவனுக்கு முதலில் மண்ணைத் தொடுகின்றதோ, அவன் தோற்றவன். ஆனால் போர் பெரும்பாலும் சில கணங்களில் முடிந்துவிடும். மலைபோன்ற இரண்டு உடல்கள் பின்னிப் பிணைந்து வட்டத்தின் விளிம்பிலே ஒன்றாகச் சரியும்பொழுது, யாருடைய குதிக்கால் முந்தியது, யாருடைய முழங்கை முந்தியது என்று காண்பது எளிதோ? 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லக் கியோஜிக்கு உரிமையில்லை. விசிறியை ஒரு பக்கம் நீட்டியே ஆதல் வேண்டும். களத்தைச் சூழக் கீழே கரிய உடையில் முன்னாள் மல்லர் ஐவர் நடுவர் குழுவாக அமர்ந்திருப்பர். அவருள் ஒருவர் கையை உயர்த்தினால் ஐவரும் களமேறிக் கூடி ஆராய்வர். இதற்கு மொனோ-இ என்று பெயர். மறுப்புரை என்று நாம் கூறலாம். கியோஜி தாம் கண்டதைச் சொல்லலாம்; ஆனால் முடிவில் அவருக்குப் பங்கில்லை. தீர்ப்பு நிலைக்கலாம், மாறலாம், அன்றேல் இருவரும் மீண்டும் பொருதுமாறு பணிக்கப்படலாம்.

முற்காலத்தில் இத்தகைய கண்டிப்பு இருந்ததில்லை. குறுநில மன்னர்கள் மல்லர்களைத் தம் ஆதரவில் வைத்திருந்த காலத்தில், ஒரு மல்லனின் தோல்வி அவனை ஆதரித்த பிரபுவின் மானத்தையும் தொட்டது. ஆகவே ஐயத்துக்கிடமான போரை 'வைத்துக்கொள்வோம்' என்று முடிவின்றி விட்டுவிடும் வழக்கம் இருந்தது. ஒருவன் காயமுற்றால் நோவினாற் சமன் என்று எழுதிக்கொள்வர். இருவரும் களைத்தால் அதுவும் சமனே. 1920களில் இவ்வழக்கங்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. ஐயமெனின் மீண்டும் பொருதுக என்பது விதியாயிற்று.

அடுத்த மாறுதலைக் கொணர்ந்தது நம் வானொலி. நேயர்கள் இதனைக் கேட்டு மகிழலாம். 1928ஆம் ஆண்டு சனவரியிலே சுமோப் போட்டிகள் முதன்முறையாக யப்பானிய வானொலியில் நேரடியாக ஒலிபரப்பப்பட்டன. அதற்கு முன்னர் மல்லர் இருவர் எதிரெதிரே குந்தி, ஒருவரையொருவர் உறுத்துப் பார்த்து, எழுந்து, மீண்டும் குந்தி, தம் உள்ளம் ஒத்த வேளையிலே தாக்குவர். அதற்குக் கால எல்லை கிடையாது. காத்திருக்க வானொலிக்குப் பொழுதேது? முதல் வகுப்பு மல்லருக்குப் பத்து நிமிடம் என்று வரையறுத்தனர். இன்று அது நான்கு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. பின்னர் 1952இல், பார்வையை மறைக்கின்றன என்று களத்தின் நான்கு தூண்களையும் அகற்றிக் கூரையை மேலிருந்து தொங்கவிட்டனர். அடுத்த ஆண்டே தொலைக்காட்சி வந்தது. அன்று முதல் வீட்டிலிருந்த கிழவனும் கிழவியும் ஆறாவது, ஏழாவது நடுவராயினர்.

1958ஆம் ஆண்டு செப்டெம்பர்ப் போட்டியின் முதல் நாள். பெருந்தலை மல்லராகிய தொச்சினிஷிகியும் கித்தானோநாதா என்பவரும் பொருதனர். அன்றைய கியோஜி பத்தொன்பதாவது இனோசுக்கே. எழுபதைக் கடந்தவர், நீண்ட வெண்தாடியினர். அவர் விசிறி தொச்சினிஷிகியைச் சுட்டியது. குழு மறுத்தது, வெற்றியைக் கித்தானோநாதாவுக்குத் தந்தது. முதியவர் ஏற்கவில்லை. நான் கண்டது அதுவன்று என்று களத்தின் மண்ணைக் கையால் அறைந்து அறைந்து, கண்ணீரோடு வாதாடினார். பல்லாயிரவர் பார்த்திருந்தனர். தீர்ப்பு மாறவில்லை. முதியவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுச் சில நாட்கள் களமேறாது தடுக்கப்பட்டார். யப்பானியர் இதனை இன்றும் தாடி இனோசுக்கேயின் கண்ணீர் மறுப்பு என்று நினைவு கூருகின்றனர். வயிற்றைக் கிழிக்கவும் ஆயத்தம் என்று வாள் செருகிய ஒருவர், தம் கண்ணை நம்பியமைக்காகத் தண்டனை பெற்றார் என்பதை எண்ணும்போது எனக்கு அக்குழுவின்மீது சிறிது சினமே உண்டாகின்றது.

பதினோராண்டு கழித்து வந்த வழக்கு இதனினும் பெரிது. 1969 மார்ச்சு மாதம், ஒசாக்கா நகரம். தாய்ஹோ என்னும் பெருந்தலை மல்லர் தொடர்ந்து 45 போர்களில் வென்றிருந்தார். 1936 முதல் 1939 வரை ஃபுதாபயாமா என்பவர் தொடர்ந்து 69 போர் வென்றதே அந்நாட்டின் பெருமிதம். அதனைத் தாய்ஹோ எட்டுவாரோ என்று நாடே எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் தொதா என்ற மல்லர் அவரை விளிம்புக்குத் தள்ளிச் சென்றார். இருவரும் ஏறக்குறைய ஒரே வேளையில் வட்டத்தை விட்டு நீங்கினர். கியோஜி தாய்ஹோவுக்கு விசிறியை நீட்டினார். ஐவர் கூடினர்; தீர்ப்பை மாற்றினர்; வெற்றி தொதாவுக்கு என்றனர். நாற்பத்தைந்து அங்கே நின்றது.

பின்னர்ப் புகைப்படமும் தொலைக்காட்சிப் படமும் வெளிவந்தன. தொதாவின் கால் முன்னரே வட்டத்துக்கு வெளியே மண்ணை மிதித்திருந்தது! கியோஜி கண்டதே சரி. ஐவர் கண்டது பிழை. மக்கள் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு மே மாதப் போட்டி முதல், படப்பதிவைத் தனியறையில் இருந்து பார்த்து நடுவர் குழுத் தலைவரின் செவிக்குச் சொல்லும் முறை வந்தது. ஆனால் மார்ச்சுத் தீர்ப்பு மாற்றப்படவில்லை. தாய்ஹோவின் கணக்கில் இன்றும் 45 என்றே நிற்கின்றது. அவரோ எவரையும் குறை கூறவில்லை. மறுப்புக்கு இடமாகும்படி பொருதது தம் குற்றமே என்ற கருத்தையே வெளியிட்டார்.

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் கூறிவிடுகின்றேன். பாடசாலை அதிபராக இருக்கும் எனக்கு மெய்வல்லுநர் போட்டிகளில் முடிவுக் கோட்டருகே நிற்கும் பணி பலமுறை வாய்த்ததுண்டு. ஒருமுறை நூறு மீற்றர் ஓட்டத்தில் ஒருவனை முதல்வனென்று அறிவித்துக் கிண்ணமும் கொடுத்தனுப்பிவிட்டேன். மாலையில் ஒரு தாய் தம் கைப்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். மற்றவன் மார்பு முந்தியிருந்தது. அந்தப் பையன் அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கிண்ணத்தைத் திருப்பி வாங்கவில்லை. அது சரியோ என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

படம் வந்துவிட்டது, இனி வழக்கு ஒழிந்தது என்று எண்ணுவோருக்கு 1972 சனவரி மறுமொழி தந்தது. கித்தானோஃபுஜி என்ற பெருந்தலை மல்லரும், மக்களின் அன்புக்குரிய இளைஞராகிய தக்கானோஹானாவும் பொருதனர். தக்கானோஹானா பின்புறம் வில்லாக வளைந்து சரிய, மேலே விழுந்த கித்தானோஃபுஜியின் கை முதலில் மண்ணை ஊன்றியது. இருபத்தைந்தாவது ஷோனோசுக்கே தக்கானோஹானாவுக்கு வெற்றி என்றார். குழு அதனை மாற்றியது. கை முதலில் ஊன்றியதைக் குழுவினரும் மறுக்கவில்லை. அக்கை எத்தகையது என்பதே வினா. சுமோவிலே 'செத்த மேனி' என்றொரு கருத்து உண்டு. நிலை குலைந்து, இனி மீளவே இயலாத உடலைச் செத்த மேனி என்பர். அவ்வாறான எதிரியின்மேல் முழுப் பாரத்தோடும் விழுந்தால் அவன் எலும்பு நொறுங்கும். ஆதலின் மேலே இருப்பவன் அவனைக் காப்பதற்காக முதலிற் கையூன்றினால் அது தோல்வியாகாது. அதனைக் காக்கும் கை என்பர். தன்னைத் தாங்கிக்கொள்ள ஊன்றினால் அது வெறுமனே ஊன்றிய கை, தோல்வியே. தக்கானோஹானாவின் மேனி செத்ததா, உயிரோடிருந்ததா? அவருடைய கால்களும் இடுப்பும் பெயர்பெற்ற வலிமை உடையவை. அந்த வளைவிலிருந்தும் அவர் மீளக்கூடும் என்று இரசிகர்கள் வாதிட்டனர். எந்தப் பொறி இதற்கு விடை கூறும்? காலம் கடந்தும் இவ்வழக்கு முடிந்தபாடில்லை. என் மனம் கியோஜியின் பக்கமே சாய்கின்றது. எனினும் எதிரியின் எலும்பைக் காக்கும் கைக்கு ஒரு பெயர் வைத்து, அதற்கு விதியிலும் இடம் கொடுத்த மக்களை மதியாதிருக்க முடியவில்லை.

காயமுற்றவர் நிலையைப் பற்றிய விதியொன்றும் அதே சனவரியிலே வந்தது. களத்திற் காயமுற்றவன் அடுத்த போட்டிக்கு வராவிடினும் அவன் நிலை தாழ்த்தப்படாது என்பது அவ்விதி. நல்ல எண்ணத்தோடு பிறந்த இவ்விதி, மருத்துவச் சான்றுகள் மலிந்து, வராதோர் தொகையும் பெருகியதால், 2003ஆம் ஆண்டின் முடிவோடு நீக்கப்பட்டது. ஆயினும் பெருந்தலை மல்லராகிய யொகொசூனாக்களுக்கு இவ்விதி தேவைப்பட்டதே இல்லை. அவர்களை எவரும் கீழே இறக்குவதில்லை. ஆற்றல் குன்றினால் அவர்களே விலகவேண்டும்.

1972இல் செத்த மேனி என்று தீர்க்கப்பட்டாரே, அந்தத் தக்கானோஹானாவின் மகனும் அதே பெயர் பூண்டு யொகொசூனாவாக விளங்கினார். 2001 மே மாதப் போட்டியில் பதின்மூன்று நாளும் வென்ற அவருக்குப் பதினான்காம் நாள் வலது முழங்கால் பிசகியது. விலகுக என்று அவர்மீது அன்புடையோர் வேண்டினர். அவர் விலகவில்லை. இறுதி நாள் முசாஷிமாருவிடம் எளிதில் தோற்றார். இருவர் கணக்கும் சமனாகியது. முதன்மைக்காக உடனே மீண்டும் பொருதபோது, நொந்த காலோடு எதிரியை வீசி வென்றார். கிண்ணத்தைக் கொடுத்த தலைமை அமைச்சர் கொய்சுமி, வலியைத் தாங்கி வென்றாய் என்று உரத்த குரலிற் புகழ்ந்தார், நாடு கண்கலங்கியது. அதன் பின்னர் ஏழு போட்டிகளுக்குத் தொடர்ந்து அவர் வரமுடியவில்லை. 2002 செப்டெம்பரில் மீண்டவர், 2003 சனவரியில் விலகினார். அந்த ஒருநாள் வெற்றி தகுமா, தகாதா? நொந்த காலுடையவனை எதிர்த்த முசாஷிமாரு முழு வலிமையோடு தாக்கியிருக்க வேண்டுமா? இன்றும் பேசுகின்றனர். இக்கேள்விகளுக்காகக் களமேறிக் கூடும் ஐவர் இல்லை.

உத்தியின் நிலையும் அதுவே. எதிரி பாய்ந்து வரும் கணத்தில் பக்கவாட்டில் விலகி அவனைத் தன் வேகத்தாலேயே விழச் செய்வதை விதி தடுப்பதில்லை. சிறிய உடலினன் செய்தால் மக்கள் பொறுப்பர். 2016 மார்ச்சு இறுதி நாளிலே, ஈடிணையற்ற ஹக்குஹோ அங்ஙனம் விலகி ஹருமாஃபுஜியை வென்று முதன்மை பெற்றபோது அவையோர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். வென்றவர் பேட்டியின்போது கண்ணீர் விட்டு வருத்தம் தெரிவித்தார்.

இன்னொரு விந்தையையும் சொல்லவேண்டும். தன் முறைக்காகக் களத்தருகே காத்திருக்கும் மல்லனுக்கும் மறுப்புரை எழுப்பும் உரிமை உண்டு. பொருது தோற்றவனுக்கோ அவ்வுரிமை இல்லை. 2017 நவம்பரில் இதே ஹக்குஹோ யொஷிகாசே என்பவரிடம் தோற்றார். தொடக்கம் சரியாக அமையவில்லை என்பது அவர் எண்ணம். களத்துக்குக் கீழே கையை உயர்த்தியபடி, நடுவர் எவரேனும் எழுவர் என்று ஏறத்தாழ ஒரு நிமிடம் நின்றார். எவரும் எழவில்லை. கியோஜி விசிறியோடு காத்திருந்தார். ஈற்றில் அவர் மேலேறித் தலை வணங்கி, வெற்றியை யொஷிகாசேயிடம் விட்டுச் சென்றார். மறுநாள் அவரை அழைத்துக் கண்டித்தனர். அப்போட்டியில் முதன்மை பெற்றவரும் அவரே. அது அவருடைய நாற்பதாவது முதன்மை.