முள் அசைய வேண்டும்

பேச்சிப்பாறை அணை வேலையை 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். திருவிதாங்கூரில் மூலம் திருநாள் ஆட்சி, பொறியாளர் மிஞ்சின். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அந்த அணை தண்ணீர் கொடுத்த கதை ஊரறிந்தது. அணையைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கும் கோதையாறு மின்நிலையத்துக்கும் காணிக்காரர் குடியிருப்புகளுக்கும் ஏறிப்போன ரோடுகள் வளர்த்த ஒரு தொழிலைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. எஞ்சின் மாற்றிய ஜீப்பில் கம்பெனி வைத்த மீட்டர்களை மறுபடி ஓடவைக்கும் ஒயரிங் வேலை அது. குலசேகரத்தில் ஓர் ஆசானிடம் நின்று அதைப் படித்தவன் நான்.

மகிந்திரா கம்பெனி 1940-களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மழையில் குழைந்த தோட்டத்து மண்ரோட்டுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற அந்த வண்டிதான் சரி. ஆனால் குடி அதிகம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது, டீசல் மலிவாகவே கிடைத்தது. அம்பாசிடரே 1980-இல்தான் கம்பெனி டீசல் எஞ்சினோடு வந்தது. புது வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் கையிலிருந்த ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சினையோ, பின்னாளைய மகிந்திராவின் பியூஜோ டீசலையோ ஏற்றினார்கள். ஏற்றிய மெக்கானிக்குக்குப் பெயர் கிடைக்கும். வண்டி ஓடும். டேஷ்போர்டில் ஒரு முள்ளும் அசையாது. அப்படித்தான் எங்களிடம் வரும்.

மோதிரமலை, குற்றியாறு பக்கம் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறுகிற வண்டிக்கு ஆயிலும் சூடும் தெரியாமல் ஓடுவது ஆபத்து. ஹெட் வளைந்த பிறகு ரேடியேட்டரைத் திறந்து பார்த்து என்ன பயன்?

ஆயில் மீட்டர் எளிது. எஞ்சின் பிளாக்கிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் மீட்டருக்கு வரும். மீட்டருக்குள் வளைந்த தட்டைக் குழாய் ஒன்று. ஆயில் அழுத்தம் ஏறும்போது அது நிமிரப் பார்க்கும், முள் நகரும். பிரான்சின் எஜீன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை வாங்கிய வேலைப்பாடு. எந்த எஞ்சினின் அழுத்தமும் அதற்கு ஒன்றுதான். மரைதான் சேராது. அமெரிக்க வழி வந்த ஜீப்புக்குக் கூம்பு மரை, ஐரோப்பிய டீசலுக்கு மெட்ரிக் மரை. லேத்தில் பித்தளை புஷ் ஒன்று கடைந்து நடுவில் போட வேண்டும். டீசல் பெட்ரோலைவிட அதிகம் அதிரும் என்பதால் பிளாக்குக்குப் பக்கத்தில் அந்தக் குழாயை இரண்டு சுற்றுச் சுருட்டிவிடுவோம். இல்லாவிட்டால் கழுத்தில் வெடித்துச் சூடான ஆயில் கசிந்துவிடும்.

சூடு காட்டும் மீட்டரில்தான் ஆசானின் கை தெரியும். கரண்டில் ஓடும் மீட்டரென்றால் எஞ்சினில் இருக்கிற யூனிட்டின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும், அதைப் பார்த்து முள் ஏறும். அந்தத் தடைக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. புது எஞ்சினோடு வந்த யூனிட்டில் பழைய மீட்டரின் ஒயரைக் குத்தினால் தண்ணீர் கொதிக்கும்போது முள் பாதியில் நிற்கும், அல்லது குளிர்ந்த எஞ்சினுக்குச் சிவப்பைக் காட்டும். ஆகவே பழைய எஞ்சினின் யூனிட்டைக் கழற்றி, புஷ் போட்டு, புது எஞ்சினில் மாட்ட வேண்டும். புஷ் நீண்டுவிட்டால் யூனிட்டின் நுனி ஓடுகிற தண்ணீரைத் தொடாது, முள் குறைத்தே காட்டும். ஒழுகுமே என்று நான் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றப் போனால் ஆசான் கையைத் தட்டிவிடுவார்: "லேய், டேப்பு சுத்துனா எர்த்து எப்பிடிலே போவும்?"

அதற்கும் முந்தைய வில்லிஸில் சூட்டு மீட்டருக்குக் கரண்டே கிடையாது. ஈதர் அடைத்த ஒரு குமிழ் எஞ்சினில் இருக்கும். அதிலிருந்து முடி போன்ற குழாய் ஒன்று மீட்டருக்குப் போகும். எஞ்சினை இறக்குகிற அவசரத்தில் அதை வெட்டிவிட்டால் ஈதர் பறந்துவிடும், மீட்டர் செத்தது. ஆசான் அதையும் பிழைக்க வைத்தார். மலிவான வேறொரு மீட்டரின் குமிழை மீன் சந்தையில் வாங்கிய ஐஸிலும் உப்பிலும் புதைத்து வைப்பார். உள்ளிருக்கும் ஈதர் குளிர்ந்து அடங்கிக் கிடக்கும்போது குழாயை வெட்டிப் பழைய மீட்டரின் குழாயோடு ஈயம் வைத்து ஒட்டுவார். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கிற பொருள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை அது. பிறகு வெந்நீரில் குமிழை முக்கி, முள் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் மாட்டுவார்.

ஆம்ப் மீட்டரில் எச்சரிக்கை வேண்டும். டைனமோ வண்டிக்குச் செய்த மீட்டர் அது. டீசலின் நாலு ஹீட்டர் பிளக்குகளும் இழுக்கிற கரண்டை அதன் வழியே விட்டால் புகைந்துவிடும். பிளக்குகளுக்கு பேட்டரியிலிருந்தே தனித் தடித்த ஒயர் இழுக்க வேண்டும். டேங்க் மாறாவிட்டால் டீசல் மீட்டரில் நாங்கள் செய்ய வேலையில்லை. ஸ்பீடோமீட்டரும் அப்படியே. 1902-இல் ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை வாங்கிய காந்தச் சுழல் முறைதான் இதிலும். அதன் கேபிள் கியர்பாக்ஸுக்குப் பின்னால், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கிற பெட்டியிலிருந்து வருகிறது. எஞ்சின் மாறியது அதற்குத் தெரியாது. கியர்பாக்ஸோடு சேர்த்து மாற்றிய அம்பாசிடரில்தான் கேபிள் முனையும் பல் கணக்கும் இடிக்கும்.

எல்லா மீட்டரும் ஒன்றாகத் துள்ளினால் எர்த் பட்டை விட்டுப்போயிருக்கும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லாவிட்டால் செல்ஃப் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி அதைப் பழுக்கவைக்கும்.

கோயம்புத்தூரில் 1975-இல் பிரிக்கால் தொடங்கிய பிறகு உள்நாட்டு மீட்டர்கள் தாராளமாகக் கிடைத்தன. டேஷ்போர்டுக்குக் கீழே தகரத்தில் மூன்று மீட்டரைத் தொங்கவிட்டு வேலையை முடித்தவர்கள் உண்டு. தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் வளைவில் ஸ்டீயரிங்கை முறுக்குகிற டிரைவரின் கண் பழகிய இடத்துக்குத்தான் போகும், அந்த இடத்தில் செத்த முள் இருக்கக் கூடாது.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது. எஞ்சின் மாற்றுவதற்கான பழைய காரணமும் அதோடு மெலிந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். இப்போது பழைய ஜீப்பைப் புதுப்பிக்கிற இளைஞர்கள் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எஞ்சினைக் கொண்டுவருகிறார்கள். அதன் சென்சார் கம்ப்யூட்டருக்குத்தான் பேசும், பழைய முள்ளுக்குப் பேசாது. பழைய யூனிட்டுக்குத் தனியாக ஒரு துளையும் புஷ்ஷும் வேண்டும். பழைய இரும்புக்காரர் எஞ்சினை எடைபோடும் முன்பே அந்த யூனிட்டைக் கழற்றி, எந்த ஒயர் எதற்கு என்று சீட்டுக் கட்டி வைத்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.