வேனோடு வரும் அடுப்பு

கார்த்திகை பிறந்தால் போதும், மட்டாஞ்சேரிக்கு நம்ம ஊரே வந்துவிடும். டிஎன் நம்பர் வேன்கள், கறுப்பு வேட்டி சாமிகள். பாதிப் பேர் அரண்மனை பார்க்கப் போக, மீதிப் பேர் வேன் நிழலில் அடுப்பு மூட்டி உலை வைத்திருப்பார்கள். வங்கியில் மாற்றலாகி இங்கே வந்த எனக்கு, அந்த சாம்பார் வாசனை வந்தாலே ஊர் ஞாபகம்தான்.

போன சீசனில் ஒரு குருசாமி, "வாங்க சாமி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். பழக்க தோஷம், கணக்கு கேட்டேன். 25 பேர், வேளைக்கு 3 கிலோ அரிசி. அரிசி, பருப்பு, புளி எல்லாம் வீட்டிலிருந்து. காய்கறி மட்டும் வழியில். "வேளைக்கு வேளை ஹோட்டல்னா பாதி வழியிலயே திரும்பணும் சாமி" என்றார்.

இது இன்றைய சிக்கனம் மட்டுமல்ல. நம் பாட்டிகள் கட்டிக் கொடுத்த புளிச்சோறும் இதே கணக்குதான். புளியின் புளிப்பு, உப்பு, நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்து சோறு சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொண்டன. ஆற வைத்துக் கட்டுவது இன்னொரு சூட்சுமம்.

ஆனால் வழியில் சமைப்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை. கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களில் ஊட்டுப்புரைகள் இருந்தன. அரசு செலவில் இலவசச் சாப்பாடு. ஆனால் பிராமணப் பயணிகளுக்குத்தான். நம் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்தவர்களிலும் அவர்களுக்கு இலை விழுந்தது. மற்றவர்களுக்கு மரத்தடி, மூன்று கல், சொந்தப் பானை.

ஃபோர்ட் கொச்சியில் படகு ஏறினால் மறுகரை வைப்பீன். அந்தத் தீவின் வடக்கே செறாய். 1917 மே 29 அன்று அங்கே ஐயப்பன் என்ற ஈழவ இளைஞர் புலையர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்தார். 'புலையன் ஐயப்பன்' என்று ஏசினார்கள். அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். பிற்பாடு கொச்சியில் அமைச்சரும் ஆனார். சகோதரன் ஐயப்பன் என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும்.

மூன்று கல் அடுப்பு பிறகு மாறியது. 1892இல் சுவீடனில் பிறந்த பம்ப் ஸ்டவ் நம் வீடுகளுக்கும் வந்தது. 2013 முதல் 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது. வேன்காரர்களுக்குப் பெரிய வசதி.

வசதியோடு ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்தவர்கள். ரயிலில் தடை செய்யப்பட்ட கேஸ் சிலிண்டரை உள்ளே வைத்திருந்தார்கள். அவர்களும் நம்மைப் போல வீட்டுச் சாப்பாடு தேடியவர்கள்தானே. லீவுக்கு ஊருக்கு வந்து வேன் எடுப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். அடுப்பு எப்போதும் வண்டிக்கு வெளியே, திறந்தவெளியில்தான். ரயில் என்றால் கட்டுச்சோறு மட்டும்.

அன்று நான் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆபீஸ் போனேன். வேன் டிரைவர், குருசாமி, மலைக்கு முதல்முறை வந்த கன்னிச்சாமிப் பையன், நான். யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்கவில்லை. ஒரே அண்டா, ஒரே கரண்டி. அந்த 3 கிலோ அரிசியில் மிச்சமானது காசு மட்டும் இல்லை என்று தோன்றியது.