வந்தவன் விருந்தாளியா?

போலந்து தேசத்தில் கிராக்கோவ் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. நகரத்தின் நடுவில் ஒரு சந்தைச் சதுக்கம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 200 மீட்டர் நீளம். அதன் ஓரத்தில் மரியன்னை ஆலயம், ஆலயத்துக்கு 81 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம். இரவென்றும் பகலென்றும் பாராமல், மணிக்கு ஒரு தரம் அந்தக் கோபுரத்து ஜன்னல் திறக்கும். ஒரு மனிதர் எக்காளத்தை வெளியே நீட்டி ஊதுவார். நான்கு திசைக்கும் நான்கு தரம் ஊதுவார். ஒவ்வொரு தரமும் இசை பாதியில் சட்டென்று அறுந்து நிற்கும்.

கீழே அண்ணாந்து நிற்கும் உல்லாசப் பிரயாணிகள் கை தட்டுவார்கள்; மேலே பார்த்துக் கையை ஆட்டுவார்கள். எக்காளக்காரரும் பதிலுக்குக் கையை ஆட்டுவார். பிறகு ஜன்னல் மூடிக்கொள்ளும்.

கீழே நிற்கிறவர்கள் மேலே பார்த்து என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எந்தப் பிரயாண நூலையாவது புரட்டினால் போதும். மேலே நிற்கிறவர் கீழே பார்த்து என்ன நினைக்கிறார் என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் அவருடைய உத்தியோகமே அதுதான். 1392-ஆம் ஆண்டிலேயே அந்த நகரத்துப் பழைய ஏடுகளில் எக்காளக் காவல்காரனைப் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது. கோட்டைக் கதவு திறக்கும் வேளையையும் மூடும் வேளையையும் அறிவிக்க வேண்டும். தீப்பிடித்தால் ஊத வேண்டும். தூரத்தில் புழுதி கிளம்பினால், வருகிறவன் யார் என்று கண்டுகொள்ள வேண்டும். இன்றைக்கும் அங்கே நின்று ஊதுகிறவர்கள் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர்கள்தாம்.

"வருகிறவன் யார்?" - இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அந்த நகரத்தின் எழுநூறு எண்ணூறு வருஷத்துச் சரித்திரம் முழுவதையும் சுற்றி வந்துவிடலாம்.

முதலில் அந்த அறுந்த இசையின் கதையைக் கேளுங்கள். 1241-இல் தார்த்தாரியர் படையெடுத்து வந்தார்கள். கோபுரத்துக் காவலன் அவர்களைக் கண்டு எக்காளத்தை எடுத்து ஊதினான். ஊர் விழித்துக்கொண்டது. ஆனால் எங்கிருந்தோ பாய்ந்து வந்த அம்பு ஒன்று அவன் தொண்டையைத் துளைத்தது. இசை அந்த இடத்தில் நின்றது. அவன் நினைவாக இன்றும் அதே இடத்தில் நிறுத்துகிறார்கள். கேட்கும்போது நெஞ்சு நெகிழ்கிறதல்லவா?

நான் கதை எழுதுகிறவன். கதை இவ்வளவு அழகாக முடிந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். தார்த்தாரியர் வந்ததும் ஊரை எரித்ததும் உண்மை. ஆனால் இன்று நிற்கும் கோபுரம் அதற்குப் பிற்பாடு எழுந்தது. அம்பு தைத்த கதையை உலகமெல்லாம் பரப்பிய புத்தகமோ 1928-இல் வெளிவந்தது. எழுதியவர் எரிக் கெல்லி என்ற அமெரிக்கர். சில காலம் கிராக்கோவுக்கு வந்து தங்கிப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பிக் குழந்தைகளுக்காக ஒரு நாவல் எழுதினார். அதற்குப் பரிசும் கிடைத்தது. இன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் வழிகாட்டிகள் வெளிநாட்டாருக்கு உருக்கமாகச் சொல்லும் கதையைப் பிரசித்தப்படுத்தியவரே ஒரு வெளிநாட்டார்! வந்து போகிறவர்கள் ஊரிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். சில பேர் கொடுத்துவிட்டும் போகிறார்கள்.

தார்த்தாரியரை அந்த ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பொம்மைக் குதிரைமேல் ஏற்றிவிட்டார்கள். நற்கருணைப் பெருவிழாவுக்கு எட்டாம் நாள், தாடியும் கூர்க்குல்லாயும் தரித்த ஒருவன், இடுப்பில் கட்டிய குதிரையோடு ஆடிக்கொண்டு ஊர்வலம் வருகிறான். அவனுக்கு லைகோனிக் என்று பெயர். கடைக்காரர்களிடம் கப்பம் வாங்குகிறான். கையிலுள்ள கதையால் யாரைத் தட்டுகிறானோ அவர்களுக்கு அந்த வருஷம் முழுவதும் அதிர்ஷ்டம்! இப்போதைய வேஷத்தை 1904-இல் அமைத்துக் கொடுத்தவர் விஸ்பியான்ஸ்கி என்ற பெரிய நாடகாசிரியர். ஊரைக் கொளுத்த வந்தவனிடம் சிரித்துக்கொண்டே அடி வாங்கும் ஊர் அது. பயம் தீர வேண்டுமானால் பயமுறுத்தியவனைப் பொம்மையாக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேறோர் இடத்தில் இதையே பார்க்கப் போகிறோம்.

விருந்தாளி வீட்டுக்கு வந்தால் கடவுளே வீட்டுக்கு வந்த மாதிரி என்று போலந்துக்காரர்களிடம் ஒரு பழமொழி உண்டு. நம் காதுக்குப் புதியதல்ல. 1364-இல் மகா காஸிமிர் மன்னர் சக்கரவர்த்தி நான்காம் சார்லஸையும், ஹங்கேரி, டென்மார்க், சைப்ரஸ் தேசத்து அரசர்களையும் கிராக்கோவில் வரவேற்றார். வியெஷினெக் என்ற நகரப் பிரமுகர் அத்தனை ராஜாக்களுக்கும் விருந்து வைத்தார் என்று ஊரார் இன்றும் பெருமையோடு சொல்லுகிறார்கள்.

ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் நகரத்து வியாபாரிகளில் பலர் ஜெர்மானியர். 1311-இல் ஆல்பர்ட் என்ற நகரத் தலைவர் மன்னர் லோக்கியெடெக்குக்கு எதிராகக் கலகம் செய்தார். மறு வருஷம் கலகம் அடங்கியது. அதற்குப் பிறகு யார் போலந்துக்காரன், யார் அந்நியன் என்று கண்டுபிடிக்க ஒரு பரீட்சை வைத்தார்களாம். நான்கே வார்த்தைகள்: சொச்செவீத்சா, கோவோ, மியெலே, ம்வின். பருப்பு, சக்கரம், அரைக்கிறது, மாவு ஆலை என்று அர்த்தம். சரியாகச் சொல்லத் தெரியாதவன் தலை போயிற்று என்கிறது அந்தக் காலத்து ஏடு. நம் ஊரில் யாராவது "வாழைப்பழம்" சொல்லச் சொல்லி இப்படிப் பரீட்சை வைத்தால் நம்மில் எத்தனை பேர் மிஞ்சுவோமோ! இன்று பிரயாணி ஒருவன் கடையில் தட்டுத் தடுமாறிப் போலிஷ் மொழியில் நன்றி சொன்னால் கடைக்காரி முகம் மலர்ந்துவிடுகிறது. நாக்குப் பரீட்சை இன்னும் நடக்கிறது. தண்டனைதான் மாறியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1846-இல் கிராக்கோவ் முழுவதும் ஆஸ்திரியா வசமாயிற்று. வாவெல் குன்றின்மீது பழைய மன்னர்களின் அரண்மனை ஆஸ்திரியச் சிப்பாய்களின் கொட்டடியாக இருந்தது. அந்தக் காலத்தில் கிராக்கோவைப் பார்க்க வந்தவர்கள் யார்? ரஷ்யப் பகுதியிலும் பிரஷ்யப் பகுதியிலும் இருந்த போலந்துக்காரர்கள். சட்டப்படி அவர்கள் அயல்நாட்டுப் பிரஜைகள்; எல்லைச் சாவடியைத் தாண்டி வந்தவர்கள். தேசப்படத்தில் இல்லாத தங்கள் தேசத்தை, மன்னர்களின் சமாதிகளுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். 1410-இல் நடந்த குருன்வால்ட் யுத்தத்தின் ஐந்நூறாவது ஆண்டு நினைவாக, பாடெரெவ்ஸ்கி என்ற சங்கீத மேதை தம் செலவில் அமைத்த சின்னத்தை 1910 ஜூலையில் திறந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் கூடினார்கள். அவர்களைப் பார்த்து, "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்க ஊரில் யாருக்குத் தோன்றியிருக்கும்? எட்டு வருஷத்துக்குப் பிறகு போலந்து மறுபடியும் சுதந்திர நாடாயிற்று.

இருபது வருஷந்தான் நிம்மதி. 1939-இல் ஹிட்லரின் படை வந்தது. ஹான்ஸ் பிராங்க் என்ற நாஜி அதிகாரி வாவெல் அரண்மனையில் குடியேறினான். நவம்பர் 6-ஆம் தேதி, சொற்பொழிவு கேட்க வாருங்கள் என்று சர்வகலாசாலைப் பேராசிரியர்களை அழைத்து, வந்தவர்களைக் கைது செய்து சிறை முகாமுக்கு அனுப்பினார்கள். சந்தைச் சதுக்கத்துக்கு ஹிட்லர் பெயரை வைத்தார்கள். சதுக்கத்தில் நின்ற மகாகவி மிச்கியெவிச்சின் சிலையை இடித்துத் தள்ளினார்கள். இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. பிரயாண வழிகாட்டி நூல்களுக்குப் பேர்போன ஜெர்மனியின் பேடேக்கர் நிறுவனம், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தைப் பற்றி 1943-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது! எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம், எந்தக் கட்டடம் ஜெர்மானியக் கலைஞன் கட்டியது என்றெல்லாம் அதில் இருந்தது.

அதே 1943 மார்ச்சில், விஸ்துலா நதிக்கு அக்கரையில் போட்குஷே பகுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்த யூதர்களில் எஞ்சியவர்களையும் நாஜிகள் கொன்றும் முகாம்களுக்கு ஓட்டியும் தீர்த்தார்கள். யுத்தத்துக்கு முன்னால் கிராக்கோவில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் யூதர். அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த கஜிமியெஷ் பேட்டையில் கோயில்கள் நின்றன; கும்பிட ஆளில்லை. வீடுகள் நின்றன, வேறு குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

1993-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' திரைப்படம் வந்த பிறகு உலகம் அந்தப் பேட்டையைத் தேடிக்கொண்டு வந்தது. போட்குஷேயில் நடந்த பல சம்பவங்களைப் படத்துக்காகக் கஜிமியெஷில் எடுத்திருந்தார்கள். ஆகவே பிரயாணிகள் அழுவதும் பல சமயம் படம் எடுத்த இடத்தில்தான். சம்பவம் நடந்தது ஆற்றுக்கு அப்பால். சதுக்கத்து ஓரத்தில், உப்புச் சுரங்கத்துக்கும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கும் ஒரே பலகையில் கட்டணம் எழுதி வைத்து அழைக்கிறார்கள். 2019-இல் அந்த முகாமைப் பார்த்தவர்கள் 23 லட்சம் பேர். தங்கள் ஊர் மயானத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் சத்திரமாகிவிட்டதே என்ற வருத்தம் அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு.

வந்தவர்களில் சிலர் பார்க்க வந்தவர்களே அல்ல. வயதான ஒருவர் ஒரு வீட்டு வாசலில் நின்று மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இருக்கிறவருக்கு நெஞ்சு கொஞ்சம் பதறும். பழைய சொந்தக்காரரின் பிள்ளையோ? வீட்டைக் கேட்பாரோ? இந்தப் பதற்றத்தை வெளியே சொல்லுகிறவர்கள் குறைவு.

ஞாபகப் பொருள் கடைகளில் ஒரு பொம்மை விற்கிறது: தாடி வைத்த யூதக் கிழவர், கையில் காசு. வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்பது நம்பிக்கை. வெளிநாட்டு யூதர்கள் அதைக் கண்டு மனம் புண்படுகிறார்கள். "அதிர்ஷ்டத்துக்காக வைப்பதுதானே, இதில் என்ன தவறு?" என்று ஊர்க்காரர் உண்மையாகவே திகைக்கிறார். லைகோனிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அழிக்க வந்தவனைப் பொம்மையாக்கினால் அது வீரம். அழிந்து போன அண்டைவீட்டுக்காரரைப் பொம்மையாக்கினால்? அந்நியன் ஒருவன் முகம் சுளித்த பிறகுதான் ஊரில் பலருக்கு இந்தக் கேள்வியே எழுந்தது. பிரயாணியின் கண்ணாலும் சில நன்மை உண்டு.

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் வெளிநாட்டான் என்றால் டாலர். டாலர் கொடுத்தால்தான் நல்ல சாமான் கிடைக்கும் கடைகள் இருந்தன. ஹோட்டல் வாசல்களில் 'சிங்க்ச்சாஷ்' என்ற பேர்வழிகள் நின்று இரகசியமாக நோட்டு மாற்றினார்கள். "சேஞ்ஜ் மணி" என்ற ஆங்கிலத்தை அவர்கள் உச்சரித்த விதமே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. 1978-இல் யுனெஸ்கோ உலகச் செல்வங்களின் முதல் பட்டியலைத் தயாரித்தபோது அதிலிருந்த பன்னிரண்டு இடங்களில் கிராக்கோவும் ஒன்று.

2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. மலிவு விமானங்கள் வந்து இறங்கின. லண்டனில் குடிப்பதைவிடக் கிராக்கோவுக்குப் பறந்து வந்து குடிப்பது லாபம் என்று கண்ட ஆங்கில வாலிபர்கள், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைத் தோழர் விருந்தை அங்கே வைத்துக்கொண்டார்கள். நடு இரவில் கூச்சல், வேஷம், வாந்தி. 2019-இல் ஊருக்கு வந்தவர்கள், உள்நாட்டாரையும் சேர்த்து, ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம். ஊரின் ஜனத்தொகையோ சுமார் 8 லட்சம். பழைய நகரத்துக் காய்கறிக் கடை பொம்மைக் கடையாயிற்று. குடியிருந்த வீடு மூன்று நாள் வாடகை வீடாயிற்று. கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தத்தில் தூங்க முடியாதவர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். வைதுகொண்டே வாடகை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கிராக்கோவ்காரர்கள் காசில் கெட்டி என்று மற்ற ஊரார் கேலி செய்வது சும்மாவா? கடைசியில் 2023 ஜூலையிலிருந்து நள்ளிரவு முதல் காலை ஐந்தரை மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாதென்று நகரசபை தடை போட்டது.

இதற்கு நடுவில் இரண்டு சம்பவங்கள். 2020-இல் கொள்ளைநோய் வந்து சதுக்கம் வெறிச்சோடியது. புறாக்கள்தான் மிச்சம். ஊர் மறுபடியும் நம்முடையதாயிற்று என்று மகிழ்ந்தவர்களே, பூட்டிய ஹோட்டல்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எக்காளம் மட்டும் மணி தவறாமல் ஒலித்தது. கை ஆட்டத்தான் ஆளில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் படை நடத்தியது. கிழக்கேயிருந்து வந்த ரயில்களிலிருந்து தாய்மார்களும் குழந்தைகளும் கிழவிகளும் கிராக்கோவ் நிலையத்தில் இறங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த நகரத்தில் தங்கினார்கள். அந்நியரால் தூக்கம் கெட்டதென்று அலுத்துக்கொண்ட ஊர் ஜனங்கள் நிலையத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர்களைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கூடத்தில் படுக்கை விரித்தார்கள், சூப் காய்ச்சினார்கள். யாரும் நாக்குப் பரீட்சை வைக்கவில்லை.

அப்படியானால் அந்த ஊர் ஜனங்களுக்கு அந்நியனைக் கண்டால் வெறுப்பா, விருப்பா? இரண்டும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பறிக்க வந்தவன், பார்க்க வந்தவன், குடிக்க வந்தவன், அழ வந்தவன், அடைக்கலம் கேட்டு வந்தவன் என்று அத்தனை பேரையும் அந்த ஊர் பார்த்துவிட்டது. காசு கொடுத்துவிட்டேன், ஊர் எனக்குச் சொந்தம் என்று நினைக்கிறவனிடம் அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிறர் வீட்டில் நிற்கிறோம் என்ற நினைப்புள்ளவனுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறது. அவ்வளவுதான்.

நாமும் ஊர் ஊராகப் போகிறவர்கள். கோபுரத்து ஜன்னலிலிருந்து ஒருவர் நம்மைப் பார்த்துக் கையை ஆட்டினால் சந்தோஷமாக நாமும் ஆட்டலாம். ஆனால் அவர் அங்கே நிற்பது கையை ஆட்டுவதற்காக அல்ல, வருகிறவன் யார் என்று பார்ப்பதற்காக.