மலைநாட்டு வேட்டைத் துவக்கு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்து மலைநாட்டின் வரலாறு கோப்பியினதும் தேயிலையினதும் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. துரைமாரின் பங்களாச் சுவர்களை அலங்கரித்த மரைக்கொம்புகள் பற்றி ஆய்வாளர் அதிகம் கவனங்கொண்டாரல்லர். நுவரெலியாவுக்கோ அட்டனுக்கோ வந்து சேர்ந்த ஓர் இளந்துரை தன் முதல் வேட்டைத் துவக்கை எவ்வாறு தெரிந்தெடுத்தான் என்ற கேள்வி மேலோட்டமாக நோக்குவார்க்கு அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் அக்கேள்வியைச் சிறிது பின்தொடர்ந்து சென்றால், பணம், உழைப்பு, சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் வேட்டையாடியோர் பெரும்பாலும் உட்புறம் வழுவழுப்பான இரட்டைக்குழல் துவக்கையே கையாண்டனர். குழலின் உள்ளே திருகுசுருளாக வரி வெட்டப்பட்ட றைபிள் அருமையாகவே காணப்பட்டது. இதற்கு விலை மட்டும் காரணமன்று. அடர்ந்த காட்டில் யானையைப் பத்துப் பதினைந்து அடி எட்டத்தில் நின்று நெற்றியில் சுடவேண்டியிருந்தது. தொலைவிற் குறிதவறாத றைபிளுக்கு அங்கே வேலை குறைவு. பறவை சுடவும் முயல் சுடவும் உதவிய துவக்கையே யானைக்கும் எடுத்துச்செல்லலாம் என்பது சிக்கனம் கருதியோருக்கு வாய்ப்பாயிற்று.

இவ்வழக்கத்திற்கு மாறாக நின்றவர் சாமுவேல் பேக்கர். 1848 இல் நுவரெலியாவிற் குடியேறி, ஆங்கிலக் குடியானவரையும் கால்நடைகளையும் வருவித்துப் பண்ணை அமைத்தவர் இவர். 1853 இல் வெளிவந்த இவரது இலங்கை வேட்டை நூலில் தம் படைக்கலங்களை வரிசைப்படுத்துகிறார். 21 இறாத்தல் நிறையுடைய, நான்கு அவுன்சுக் குண்டு பாய்ச்சும் ஒற்றைக்குழல் றைபிள் ஒன்று. 16 இறாத்தல் நிறையில் இரண்டு அவுன்சுக் குண்டுக்குரியது ஒன்று. ஒவ்வொன்றும் 15 இறாத்தல் நிறையுள்ள பத்தாம் போர் இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு. பத்தாம் போர் என்பது ஓர் இறாத்தல் ஈயத்திற் பத்து உருண்டைக் குண்டுகள் வார்க்கப்படும் அளவினைக் குறிக்கும். முதலிற் கூறிய பெருந்துவக்கு 1840 இல் பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் செய்விக்கப்பட்டது. ஒரு வேட்டுக்கு ஏறத்தாழ ஓர் அவுன்சு மருந்து அதற்கு இடப்பட்டது. துவக்கின் பாரம் உதைப்பைத் தாங்கும். ஆதலால் பாரமான துவக்கே நல்ல துவக்கு என்பது பேக்கரின் துணிபு. பௌதிக நோக்கில் அது சரியே. ஆனால் அப்பாரத்தை மலையேறிச் சுமந்தவர் யார்?

இங்கேதான் துவக்கின் உண்மையான விலை புலப்படுகின்றது. வாய்வழியே மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் துவக்கை இரு முறை சுட்டபின் மீண்டும் நிரப்புவதற்குள் யானை வந்துவிடும். எனவே ஒரு துவக்கு வாங்குவது துவக்கு வாங்குவதாகவே அமையாது. நான்கோ ஐந்தோ வேண்டும். நிரப்பிய துவக்குகளை ஏந்திப் பின்னால் நிற்க ஆட்களும் வேண்டும். யானை பாய்ந்து வருகையில் அவர்களும் அதே எட்டத்தில், சுடும் உரிமை இன்றி நின்றனர். அவர்கள் ஓடிவிட்டால் வேட்டை நூல்கள் கோழைகள் எனப் பழிக்கும். ஓடாது நின்றோரின் பெயர்களை அந்நூல்கள் அரிதாகவே தருகின்றன. பேக்கர் மேற்கிந்தியத் தீவுகளிலும் மொறீசியசிலும் சர்க்கரைத் தோட்டங்களைக் கொண்டிருந்த குடும்பத்தில் வந்தவர் என்பதையும் மனங்கொள்ளவேண்டும். ஆறு றைபிள்களைச் சேர்த்தல் அத்தகையோருக்கே இயல்வதாகும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்நிலத்தில் பேக்கரின் அன்றாட வேட்டை மரைவேட்டையே. ஆங்கிலேயர் மரையை வடநாட்டு விலங்கொன்றின் பெயரால் ‘எல்க்’ எனப் பிழைபட அழைத்தனர். நாய்களை ஏவி மரையை ஆற்றில் மடக்கிக் கத்தியாற் குத்துவதே அவ்வேட்டையின் முறை. அங்கே துவக்கே தேவைப்படவில்லை. செலவெல்லாம் நாய்க்கூட்டத்தின் தீனிக்கே.

அரசும் இக்காலத்தில் வேட்டைக்கு உடந்தையாயிருந்தது. பயிருக்கு ஊறு என்று கருதி யானைத் தலைக்குச் சில சிலிங் வெகுமதி வழங்கிற்று. 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகள் கொல்லப்பட்டதாகக் குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் தனியொருவராய் 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பது வழக்கு. நுவரெலியாவிலுள்ள அவர் கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று மக்கள் கதை கூறுவர்.

1869 இற் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, பெரும் பணம் தனியாரிடமிருந்து கம்பனிகளுக்கு மாறியது. சம்பளத்தில் வாழ்ந்த சின்னத்துரைக்கு இரட்டைக்குழல் றைபிள் எட்டாக்கனி. அவனுக்கு உதவியாக வந்தவை இரண்டு. ஒன்று, 1880களின் நடுவில் தளபதி பொஸ்பெரியின் உரிமைப்பதிவின்படி ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் செய்த ‘பரடொக்ஸ்’ துவக்கு. குழல்வாய்க்கு அண்மையில் மட்டும் வரி வெட்டப்பட்டமையால் சன்னமும் குண்டும் ஒரே துவக்கிற் சுடலாம். மற்றையது, மௌசர் முறையில் அமைந்த, தோட்டாப் பெட்டியுடன் கூடிய றைபிள். படைகளுக்கெனத் தொழிற்சாலையில் திரளாகச் செய்யப்பட்ட பொறியமைப்பாதலின் மலிவாயிற்று. புகையில்லா மருந்தின் வருகையோடு நான்கைந்து வேட்டுகள் ஒரே கையில் அடங்கின. துவக்குச் சுமப்போன் தேவையற்றவனானான்.

விலங்குகள் அருகத் தொடங்கியபின் சட்டம் வந்தது. 1891 இல் யானை, எருமை, ஏனைய வேட்டைவிலங்குகள் பற்றிய கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1894 இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. அதனை நிறுவியோருட் பலர் தாமே வேட்டைக்காரர். காட்டைக் காக்கவேண்டும் என்ற அவர்கள் கவலை பொய்யானதன்று. ஆயினும் அனுமதிப்பத்திரமும் பருவகாலமும் நல்ல றைபிள் வைத்திருப்போனின் வேட்டையை ஒழுங்கு செய்தனவேயன்றித் தடுத்தனவல்ல. இடியன் துவக்கும் கண்ணியுமே குற்றமாயின. தாமஸ் பார் 1901 இல் ஓட்டன் சமவெளியில் வேட்டை விடுதி கட்டியது இச்சட்டங்களின் நிழலிலேதான்.

1937 இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் பின் நிலைமை படிப்படியாக மாறியது. ஓட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. அங்கே மரைகள் இன்று கூட்டமாக மேய்கின்றன, யானை இல்லை.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் இவ்வரலாற்றில் ஒருபோதும் றைபிள் தெரிந்தெடுத்தவரல்லர். மரக்கறித் தோட்டத்தை உழுது போட்ட பன்றிக்கு அவர்கள் வைத்தது கம்பிச் சுருக்கு. அதற்கு விலையேதுமில்லை, அதற்குக் கண்ணுமில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியை அடுத்த லக்சபான தோட்டத்தில் அத்தகைய சுருக்கொன்றில் அகப்பட்டது பன்றியன்று, அருமையான கருஞ்சிறுத்தை. உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும், சில நாட்களில் அது இறந்தது.