ஆண்டுப் பறவைக் கணக்கு

ஆண்டுப் பறவைக் கணக்கு என்பது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, வரையறுத்த ஓர் எல்லைக்குள், ஒருவர் கண்டும் கேட்டும் அறிந்த பறவை இனங்களை எண்ணிப் பதிவது. எல்லை வீட்டுக் கொல்லையாக இருக்கலாம். ஒரு மாநிலமாகவோ நாடாகவோ, உலகம் முழுவதுமாகவோ இருக்கலாம். எண்ணப்படுவது இனமே. ஒரே மரத்தில் ஐம்பது மைனாக்கள் அடைந்தாலும் பட்டியலில் அது ஒன்றுதான். ஒரே எல்லையில், ஒரே ஆண்டில் பலர் இதைச் செய்யும்போது அது போட்டியாகிறது. சிரம்பானை ஒட்டிய ராசாவிலிருந்து கடற்கரை, தோட்டம், மலைக்காடு மூன்றும் எட்டும் தொலைவில் இருப்பதால், இக்கணக்கைத் தொடங்க நெகிரி செம்பிலான் நல்ல மாநிலம்.

சொற்களும் வகைகளும்

பறவை பார்ப்போர் தம் பட்டியல்களைக் கால அளவால் பிரிக்கிறார்கள். பிறந்தது முதல் பார்த்தவை எல்லாம் வாழ்நாள் பட்டியல். வாழ்வில் முதன்முறையாகப் பார்த்த இனத்தை ‘லைஃபர்’ என்பார்கள். ஜனவரி 1 விடிந்ததும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது ஆண்டுப் பட்டியல். நேற்றுவரை யாரும் திரும்பிப் பார்க்காத காகமும் அன்று புதுவரவு. ஓரிரு நாளில் குழுவாக ஓடியாடி எண்ணுவது ‘பேர்ட் ரேஸ்’ எனும் பறவை ஓட்டம். ஓரிடத்தில் ஒரு முறை பார்த்தவற்றை நேரம், தொலைவு, எண்ணிக்கையுடன் எழுதும் தாள் ‘செக்லிஸ்ட்’. 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தரவுத்தளம் இந்த செக்லிஸ்டையே அடிப்படை அலகாகக் கொண்டது. இன்று ஆண்டுக் கணக்கில் இறங்குவோர் பெரும்பாலும் அதில்தான் பதிகிறார்கள்.

விதிகள்

நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை விதிகள் பொதுவானவை. பறவை உயிருடன், கட்டுப்பாடின்றி, தன்னியல்பில் திரிவதாக இருக்க வேண்டும். எல்லைக்கும் கால வரம்புக்கும் உட்பட்டிருக்க வேண்டும். இன்னதென்று உறுதியாகச் சொல்லும் அடையாளத்தைப் பதிபவரே அறிந்திருக்க வேண்டும். குரலை மட்டும் கேட்டாலும் கணக்குண்டு. இறகும் முட்டையும் கூடும் கணக்கில் சேரா.

கூண்டிலிருந்து தப்பிய பறவையும் சேராது. ஆனால் மனிதர் கொண்டுவந்த இனம் காட்டில் பல தலைமுறை பெருகி நிலைத்துவிட்டால் அதற்கு இடமுண்டு. காகமே இதற்குச் சான்று. நாம் வீட்டுக் காகம் என்று சொல்லும் இனம் மலாயாவுக்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டத் தொழிலாளரைப் போலவே கப்பலேறி வந்த அந்தப் பறவை இன்று மலேசியப் பட்டியலில் முறையாக இடம்பெற்றுள்ளது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நாணயம். அதிகாலைக் காட்டில் சாட்சி சொல்ல எவரும் இருப்பதில்லை. படமோ ஒலிப்பதிவோ இல்லாதபோது எழுதியவரின் சொல்லே ஆதாரம். ஐயமுள்ள பறவையை விட்டுவிடுபவரின் பட்டியலுக்குத்தான் மதிப்பு.

ஓர் ஆண்டின் போக்கு

ஜனவரியில் எண் விறுவிறுவென ஏறும். ஊர்க்குருவி, மைனா, குயில், செம்போத்து, வெண்மார்பு மீன்கொத்தி என்று வாசற்படியிலேயே பட்டியல் நீளும். பிறகு ஏற்றம் தளரும். ஆண்டின் பிற்பகுதியில் ஒரே ஓர் இனத்துக்காகப் பல விடியல்களைக் கொடுக்க வேண்டிவரும்.

தீபகற்ப மலேசியாவில் வலசைப் பறவைகளே இக்கணக்கின் அச்சாணி. வடக்கிலிருந்து வருபவை ஏறத்தாழ செப்டம்பரில் இறங்கி ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். எனவே ஆண்டின் தொடக்கத்தில் தவறியதைக் கடைசி நான்கு மாதங்களில் இன்னொரு முறை தேடலாம். பஞ்சுருட்டான்கள் இதற்கு அழகான பாடம். நீலவால் பஞ்சுருட்டான் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளி. அது புறப்படும் பருவத்தில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் வந்து மணற்பாங்கான நிலத்தில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ஒரே கம்பியில் ஆண்டின் இரு பாதிகளில் இரு இனங்கள். ஒரு மாதக் கணக்கில் இது தெரியாது. ஓராண்டுக் கணக்கில் தெரியும்.

உலக வரலாறு

பறவைகளைச் சுடுவதில் போட்டியிட்டவர்களை, எண்ணுவதில் போட்டியிட வைத்ததில்தான் இதன் வேர் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று அணிபிரிந்து பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் வழக்கம் இருந்தது. அதற்கு மாற்றாக, 1900 டிசம்பர் 25 அன்று பறவையியலாளர் பிராங்க் சாப்மன் எண்ணிக்கை நாளைத் தொடங்கினார். முதலாண்டில் 27 பேர் கலந்துகொண்டனர். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது.

ஆண்டுக் கணக்கு வட அமெரிக்காவில் 1939இல் கவனம் பெற்றது. வணிகப் பயணங்களுக்கிடையே பறவை பார்த்த கை எமர்சன் அவ்வாண்டு 497 இனங்களைப் பதிந்தார். 1973இல் பதின்வயதைக் கடக்காத கென் காஃப்மன், வழியில் வரும் வண்டிகளில் இடம் கேட்டு ஏறியே கண்டம் முழுதும் சுற்றி 650க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டார். எண்ணைவிடப் பறவையே பெரிது என்று தாம் உணர்ந்ததைப் பின்னாளில் அவர் நூலாக எழுதினார். 1998இல் சாண்டி கோமிட்டோ 745 இனங்களைத் தொட்டார். அவ்வாண்டின் மும்முனைப் போட்டி நூலாகி, 2011இல் திரைப்படமாகவும் வந்தது.

உலக அளவில், 2015இல் நோவா ஸ்ட்ரைக்கர் ஏழு கண்டங்களையும் சுற்றி 6,042 இனங்களைப் பதிந்தார். அடுத்த ஆண்டே டச்சுக்காரரான ஆர்யான் டுவர்ஷூயிஸ் 6,800ஐத் தாண்டினார். இந்தியாவில் 2015இல் ஷஷாங்க் தால்வி ஓராண்டில் 1,128 இனங்களைக் கண்டார்.

மலேசியாவில்

மலேசியாவில் இதுவரை எண்ணூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. 1940இல் தொடங்கிய இயற்கைச் சங்கம் இன்று மலேசிய இயற்கைச் சங்கம் என்ற பெயரில் பறவைப் பதிவுகளைத் திரட்டி வருகிறது. காவல்துறை அதிகாரியாயிருந்த ஜி. சி. மேடாக், ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தபோது மலாயாப் பறவைகளைப் பற்றிய அறிமுக நூலை எழுதினார். பின்வந்த தலைமுறைக்குக் கைகொடுத்தது ஆலன் ஜெயராஜசிங்கம் எழுதிய களக் கையேடு. ஆலன் பியர்சன் வரைந்த வண்ணத் தகடுகளுடன் 1999இல் வெளிவந்து, 2012இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. தீபகற்பத்துக் காடுகளில் பலரின் தோள்பையில் இருக்கும் நூலின் அட்டையில் ஒரு தமிழ்ப் பெயர் இருப்பது மலேசியத் தமிழர் பெருமைகொள்ளத் தக்கது.

போட்டியாகப் பறவை எண்ணும் வழக்கம் நாட்டில் வேரூன்றியது பகாங்கின் பிரேசர் மலையில். 1988இல் தொடங்கிய அதன் அனைத்துலகப் பறவை ஓட்டத்தில் குழுக்கள் குறித்த நேரத்துக்குள் மலைச்சாலைகளில் இனங்களைத் தேடும். மலைக்காட்டில் பல இனங்கள் கலந்து ஓர் அலையாக மரம்விட்டு மரம் நகரும். அந்த அலை தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் எத்தனையைப் பிரித்தறிய முடிகிறது என்பதில்தான் வெற்றி தோல்வி.

நெகிரி செம்பிலானும் ராசாவும்

லிங்கி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ராசாவை ஒட்டி ஈயம் கண்டெடுக்கப்பட்டதால் எழுந்த சுங்கை ஊஜோங் குடியிருப்பே பின்னர் சிரம்பான் நகரமாக வளர்ந்தது. ஈயத்துக்குப் பின் பால்மரம் எனும் ரப்பரும், அதற்குப் பின் செம்பனையும் வந்தன. பழைய தோட்ட நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பறவைகளின் பட்டியலையும் மாற்றின.

பறவைகள் அதிகம் பேசும் நேரம் விடியலுக்குச் சற்று முன்னும் பின்னும். அது பெரட்டு எனும் ஆள்கணக்கு முடிந்து, தொழிலாளர் பால்மரக் காட்டுக்குள் நுழையும் நேரமும்கூட. மரம் சீவியவர்கள் இருட்டில் கேட்ட சுத்தியல் தட்டும் ‘டொக், டொக்’ ஒலி நீள்வால் பக்கியுடையது. வெளுக்கத் தொடங்கியதும் குண்டுக்கரிச்சான் பாடும். பிறகு செம்போத்தின் அடிவயிற்றுக் குரல். ஆண்டு முழுவதும், வாரத்தில் ஆறு நாள், ஒரே நிரையில் நடந்த அவர்களைப் போல அந்தப் பறவைகளைத் தொடர்ந்து கேட்டவர் வேறு யாருமில்லை. கேட்டது எழுத்தில் ஏறவில்லை என்பதே இழப்பு.

செம்பனைத் தோட்டத்தில் ஆண்டுக் கணக்கின் முதன்மைப் பறவை கூகை. மலாயில் புங்கோக் ஜெலாப்பாங். தீபகற்பத்தில் ஒருகாலத்தில் அபூர்வமாயிருந்த இது, 1960களின் இறுதியில் செம்பனைத் தோட்டங்களில் கூடுகட்டத் தொடங்கியது. எலி குலையைக் கடித்து வீணாக்குவதால், மருந்துக்கு மாற்றாகத் தோட்டங்கள் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகையை அழைத்தன. சுமார் 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது பரவலான கணக்கு. பெட்டிக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் கரிய உருண்டைகள் கிடக்கும். கூகை செரிக்க முடியாமல் உமிழ்ந்தவை. ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் சாம்பல் ரோமத்துக்குள் எலியின் மண்டையோடும், மஞ்சளேறிய வெட்டுப்பற்களும் முழுதாக வெளிவரும். கூகை அலறினால் ஆகாது என்று நம்பிய குடும்பங்கள் வாழ்ந்த தோட்டங்களில்தான் இன்று அது காவலாள்.

தஞ்சோங் துவான், இம்மாநிலத்து ஆண்டுக் கணக்கில் தவிர்க்க முடியாத இடம். போர்ட்டிக்சன் அருகே கடலுக்குள் நீளும் காட்டுமுனை. உச்சியில் 1863இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம். எதிரே சுமார் 38 கிலோமீட்டரில் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு. பருந்தினங்கள் வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் சிறகசைக்காமல் மேலேறுபவை. கடலின் மேல் அந்தக் காற்று எழுவதில்லை. ஆகவே வடக்கே திரும்பும்போது மலாக்கா நீரிணையின் குறுகிய இடத்தைத் தேர்கின்றன. மார்ச் மாத முற்பகலில் அலைகளுக்குச் சற்று மேலே ஒரு கரும்புள்ளி தோன்றும்; நெருங்க நெருங்கச் சிறகடிப்பின் களைப்புத் தெரியும். கரையைத் தொட்டதும் மரமுகட்டுக்கு மேல் சிறகை விரித்து வட்டமிட்டு, திருகுபோல உயர்ந்து, உள்நாட்டுக்குள் மறையும். பெரும்பாலானவை தேன் பருந்துகள். சீன வைரி, ஜப்பானிய வைரி, சாம்பல்முகப் பருந்து ஆகியவையும் வரும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000 முதல் இங்கே பருந்து நோக்கு விழாவை நடத்திவருகிறது.

கணக்கெழுதுவோர் மறக்கக்கூடாத செய்தி ஒன்றுண்டு. சுற்றிலும் நெகிரி செம்பிலானாக இருந்தாலும் தஞ்சோங் துவான் மலாக்காவுக்கு உரிய நிலம். ஈபேர்ட் பார்ப்பவர் நின்ற இடத்தையே கொள்வதால், கலங்கரை விளக்கத்தடியில் நின்று எண்ணிய பருந்து மலாக்காப் பட்டியலில் சேரும்; சற்றுத் தள்ளிப் போர்ட்டிக்சன் கடற்கரையில் நின்று எண்ணினால் நெகிரி செம்பிலானில் சேரும்.

உள்நாட்டில் குனோங் அங்சி, பெரெம்புன், கெனாபோய்க் காடுகளும், சிம்பாங் பெர்த்தாங் அருகே பாசோ காப்புக்காடும் இருவாய்ச்சி, மரங்கொத்தி, காட்டுத் தவிட்டுக்குருவி இனங்களைப் பட்டியலில் சேர்க்கும். எண்ணுவதில் பாசோவுக்கு உலகப் புகழ் உண்டு. 1980களில் அமைத்த 50 ஹெக்டேர் ஆய்வுக் களத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரமும் எண்ணிடப்பட்டது: மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள்.

தமிழர் பங்கேற்பு

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பரிசின்றி ஊரே சேர்ந்து எண்ணும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த எல்லா இனங்களையும் எழுதி ஈபேர்டில் ஏற்றினால் போதும். சிங்கப்பூரில் இயற்கையாளர் சுபராஜ் ராஜதுரை (1963–2019) இளமை முதல் பறவை பார்த்துத் திரட்டிய அறிவைச் சுங்கை பூலோ சதுப்புநிலம் போன்ற இடங்களைக் காக்கும் வாதத்துக்குப் பயன்படுத்தினார்.

விமர்சனங்கள்

எண்ணுக்காக விமானத்தில் பறப்பது எரிபொருளை வீணாக்குகிறது என்பது முதல் குறை. இதற்கு மறுமொழியாக 2014இல் டோரியன் ஆண்டர்சன் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சென்று அமெரிக்காவில் 600க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டார். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பதும், படமெடுக்கக் கூட்டை நெருங்குவதும் அதைவிடக் கேடானவை. மலேசியாவில் இன்னொரு கவலையும் உண்டு. இனிய குரலுக்காகப் பிடிக்கப்பட்டே அருகிப்போன வைக்கோல்தலைச் சின்னானின் இருப்பிடத்தை வெளியிட்டால், பட்டியலுக்கு முன் கண்ணி அங்கே போய்ச்சேரும். அத்தகைய இனங்களின் இடத்தை மறைத்துவைப்பதே முறை.

பயன்

ஆண்டுக் கணக்கின் எண் டிசம்பர் 31 நள்ளிரவில் காலாவதியாகிறது. நிலைத்திருப்பது தேதியும் இடமும் இட்ட வரிகள். பஞ்சுருட்டான் எந்த வாரம் வந்தது, கூகை எந்த ஆண்டு கூடுகட்டியது என்பதெல்லாம் யாரோ ஒருவர் அன்றே எழுதியதால் தெரியவந்தவை. எல்லோரும் அரிய பறவையை எழுதுவார்கள். சாதாரணப் பறவையைச் சலிக்காமல் எழுத வைப்பதே ஆண்டுக் கணக்கின் பெரும்பேறு, ஏனெனில் ஒவ்வொரு ஜனவரியிலும் அது மைனாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ராசாவில் கடைசிப் பால்மர நிரை வெட்டப்பட்ட ஆண்டில் அங்கே என்னென்ன பாடின என்று சொல்லும் தாள் ஒன்று இருந்திருந்தால், அந்தத் தோட்டத்தின் வரலாற்றில் ஒரு பக்கம் காப்பாற்றப்பட்டிருக்கும். மீதமுள்ள தோட்டங்களுக்கு அந்தத் தாளை இன்று விடியலிலேயே எழுதத் தொடங்கலாம்.