ஒளிச்சேர்க்கை: நெகிரி செம்பிலான் தோட்டப் பயிர்களில்

ஒளிச்சேர்க்கை என்பது பசுந்தாவரங்கள் சூரிய ஒளியின் ஆற்றலைக் கொண்டு, வேர் உறிஞ்சும் நீரையும் இலை உள்வாங்கும் கரிவளியையும் சர்க்கரையாக மாற்றி, உயிர்வளியை வெளிவிடும் வேதிவினைத் தொடராகும். மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே அமைந்த நெகிரி செம்பிலானில், பகற்பொழுது ஆண்டு முழுவதும் சுமார் 12 மணி நேரம் நீடிப்பதாலும் குளிர்காலம் இல்லாமையாலும், இவ்வினை எந்த மாதத்திலும் நடைபெற இயலும். செரம்பான், போர்ட்டிக்சன், பஹாவ் வட்டாரங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டங்களும், பின்னர் அவற்றுள் பலவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்ட, எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களும் விற்ற சரக்கு, இலையில் விளைந்த அந்தச் சர்க்கரையின் இரு மாற்றுருவங்களே.

தோட்டத்தார் பால்மரம் என வழங்கும் ரப்பர் மரத்தின் இலை, ஒரே காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகளாக விரிவது. அதன் அடிப்புறத்தில் உள்ள இலைத்துளைகள், இரு காப்புயிரணுக்கள் புடைத்துத் தளர்வதற்கேற்பத் திறந்து மூடும் நுண்வாயில்கள். கரிவளி உட்புகுவதும் நீராவி வெளியேறுவதும் அவற்றின் வழியேதான். இலையின் நடுத்திசு உயிரணுக்களில் பசுங்கணிகங்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு கணிகத்தினுள்ளும் அடுக்கடுக்கான தைலக்காய்டு என்னும் சவ்வுகளும், அவற்றைச் சூழ்ந்து ஸ்ட்ரோமா என்னும் கூழ்மமும் உள்ளன. ஒளியைப் பற்றும் நிறமியான பச்சையம் அச்சவ்வுகளில் பதிந்திருக்கிறது. சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக ஈர்த்துப் பச்சையைக் குறைவாக ஈர்ப்பதால் இலை பச்சையாகத் தோன்றுகிறது.

பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது என்னும் பாடநூற் செய்தியைச் செம்பனை மட்டை கண்ணுக்குப் புலப்படவே காட்டும். மண்ணில் மக்னீசியம் குறையும்போது, மரம் முதிர்ந்த மட்டைகளிலிருந்து அதை மீட்டு இளமட்டைகளுக்கு அனுப்புவதால், அடிமட்டைகள் ஆரஞ்சு நிறமாகின்றன. அவற்றிலும் வெயில் படும் ஓலைப்பகுதி நிறம் மாற, மற்றோர் ஓலையின் நிழல் விழுந்த பகுதி பச்சையாகவே எஞ்சும். மக்னீசியம் நிறைந்த கீசரைட் உரத்தைத் தோட்டங்கள் இடுவது இக்குறையை நீக்கவே.

ஒளிச்சேர்க்கையின் முதற்கட்டமான ஒளிவினை தைலக்காய்டுச் சவ்வில் நிகழ்கிறது. ஒளித்தொகுதி 2 எனப்படும் அமைப்பிலுள்ள பச்சையம் ஒளியை ஏற்றதும் ஒரு மின்னணுவை இழக்கிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய நீர் மூலக்கூறு பிளக்கப்பட, உயிர்வளி பிறக்கிறது. ஆகவே இலை வெளிவிடும் உயிர்வளி கரிவளியிலிருந்து வருவது என்னும் பரவலான எண்ணம் தவறு. மின்னணு ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறி ஒளித்தொகுதி 1ஐ அடைந்து, அங்கு மீண்டும் ஒளியால் உந்தப்படுகிறது. இப்பயணத்தின் பயனாக ஏடிபி, என்ஏடிபிஎச் என்னும் ஆற்றல் தாங்கிகள் உருவாகின்றன.

தோட்டங்களில் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் களைகொல்லி தாக்கும் இடம் இந்த மின்னணுப் பாதையே. ஒளித்தொகுதி 1இலிருந்து புறப்படும் மின்னணுவை அது இடையிலே பறித்து உயிர்வளியிடம் சேர்ப்பதால், தீவிர வினைத்திறன் கொண்ட மூலக்கூறுகள் பிறந்து உயிரணுச் சவ்வுகளைச் சிதைக்கின்றன. வெயிலில் தெளித்த களை சில மணி நேரத்தில் வாடுவதும், இருளில் அவ்வளவு விரைவாக வாடாததும் இதனால்தான். மனித நுரையீரலையும் இவ்வாறே சிதைக்கவல்ல இந்நஞ்சை, தோம்பு எனப்படும் தெளிப்புக்கலத்தை முதுகில் சுமந்து மருந்தடித்தவர்களுள் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர். மலேசியா 2002இல் இதைத் தடைசெய்ய முடிவெடுத்து, 2006இல் அத்தடையைத் தளர்த்தி, 2020இல்தான் முற்றாகத் தடைசெய்தது. இந்தத் தாமதத்துக்கு அறிவியலில் காரணம் தேட முடியாது.

இரண்டாம் கட்டம் ஸ்ட்ரோமாவில் நிகழும் கால்வின் சுழற்சியாகும். கதிரியக்கக் கார்பன்-14ஐக் கொண்டு இதன் பாதையைக் கலிபோர்னியாவில் தம் குழுவினருடன் கண்டறிந்த மெல்வின் கால்வின் 1961இல் நோபல் பரிசு பெற்றார். ரூபிஸ்கோ என்னும் நொதி, கரிவளியை ஐந்து கார்பன் கொண்ட ஒரு சேர்மத்துடன் இணைக்க, அது உடனே மூன்று கார்பன் கொண்ட இரு மூலக்கூறுகளாகப் பிரிகிறது. ஒளிவினை தந்த ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் அவற்றைச் சர்க்கரைக்கு அடிப்படையான பொருளாக மாற்றுகின்றன. பால்மரமும் செம்பனையும் இந்நேர்வழியைப் பின்பற்றும் சி3 தாவரங்கள். தோட்டத்தாரின் தீராத பகையான லாலான் புல்லோ, கரிவளியை முதலில் நான்கு கார்பன் சேர்மமாகப் பிடித்து ரூபிஸ்கோவிடம் செறிவாகக் கொண்டுசேர்க்கும் சி4 வகை. கடும் வெயிலில் இது பெரும் ஆதாயம். எனினும் கூடுதல் ஏடிபி செலவாவதால், நிழலில் அந்த ஆதாயம் மறைந்துவிடுகிறது. கன்று நட்ட வெட்டவெளியில் செழிக்கும் லாலான், மரக்கிளைகள் கூடி நிழல் மூடியதும் நலிவது இதனோடு பொருந்துகிறது.

இலையில் உருவான சர்க்கரை, சுக்ரோஸாகப் பட்டையிலுள்ள புளோயம் என்னும் உணவுக்குழாய்த் திசு வழியே இறங்குகிறது. அதன் ஒரு பகுதியைப் பால்நாளங்கள் பெற்று, பல வினைகளுக்குப் பின் ரப்பர் மூலக்கூறுகளாகக் கோக்கின்றன. விடியுமுன் பால் வெட்டும் வழக்கத்துக்கு உடலியல் காரணம் உண்டு. இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்க, தண்டில் நீர் நிறைந்து பால்நாளங்களின் உள்ளழுத்தம் உச்சத்தில் நிற்கும். வெயில் ஏறியதும் கரிவளிக்காகத் திறக்கும் அதே துளைகள் நீரை ஆவியாக இழப்பதால் அழுத்தம் தாழ்ந்து, மங்கு எனப்படும் கிண்ணத்தில் சொட்டும் பால் மெலிகிறது. சர்க்கரையைச் சேர்க்கும் வேளையும் பாலை எடுக்கும் வேளையும் ஒன்றுக்கொன்று இணங்காதவை. பொதுவாக ஆண்டின் முதல் சில மாதங்களில் இலையுதிர்ந்து தளிர்க்கும்போது, செந்நிறத் தளிர்கள் சேமிப்பிலுள்ள சர்க்கரையை உண்பதால் பால் மேலும் குறைகிறது.

செம்பனை தன் சர்க்கரையைக் கனியின் சதையில் எண்ணெயாக்குகிறது. ஒன்றின் இலைமுடி மற்றொன்றை மிகுதியாக மறைக்காதபடி, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 136 முதல் 148 மரங்கள் முக்கோண அமைப்பில் நடப்படுகின்றன. வளர்ந்த மரத்தில் ஏறத்தாழ 40 மட்டைகளைத் தக்கவைப்பது வழக்கம். குலை அறுக்க வசதியாக அளவுக்கு மிஞ்சி மட்டை வெட்டினால், சர்க்கரை வரவு குன்றிப் பெண்பாளைகள் குறைந்து ஆண்பாளைகள் பெருகும்; இதன் விளைவு அறுவடையில் தெரிவதற்கு ஓராண்டுக்கும் மேலாகும்.